பலாலி: 1,400 மீட்டர் ஓடுபாதையும் ஆயிரம் பரப்புக் காணியும்

ஜூன் 14, 2025, சனி: திருச்சியிலிருந்து பலாலி

திருச்சிக்கும், யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கும் நேர்கோட்டில் சுமார் 180 கிலோமீட்டர். கோவைக்குக் காரில் போனால்கூட இதைவிட அதிக தூரம் ஓட்ட வேண்டும். அப்படியிருந்தும், 2025 மார்ச் 30இல் இந்த வழித்தடம் தொடங்கும்வரை திருச்சிக்காரர்கள் யாழ்ப்பாணம் போக முதலில் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. இல்லையென்றால் கொழும்பில் இறங்கி, ஏறக்குறைய 400 கிலோமீட்டர் வடக்கே ரயிலிலோ பஸ்ஸிலோ வர வேண்டும். இப்போது விமானம் மேலே கிளம்பி முக்கால் மணி நேரம் ஆவதற்குள் பலாலியில் சக்கரம் தொட்டுவிடுகிறது.

இந்தத் தடத்தில் பறப்பது ஏடிஆர் 72 வகை, இரட்டை இறக்கைச்சுழலி விமானம். பயணிகள் ஏறுவது வால் பக்கத்துக் கதவு வழியாக. முன்பக்கம் சாமான் ஏறுவதற்குள் பின்பக்கம் ஆட்கள் கூடிவிட்டால் வால் தாழ்ந்துவிடும். அதனால் வாலுக்கு அடியில் ஒரு முட்டுக்கோல் வைத்திருப்பார்கள். ஏறும்போது வலது எஞ்சின் இரைந்துகொண்டிருக்கும், ஆனால் அதன் சுழலி அசையாது. பெரிய விமானங்களில் நிற்கும்போது மின்சாரமும் குளிர்காற்றும் தருவதற்கென்று வாலில் தனியாக ஒரு சிறிய எஞ்சின் உண்டு. ஏடிஆரில் அது கிடையாது. அதற்குப் பதிலாக வலது சுழலியைப் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு, அந்த எஞ்சினை மட்டும் ஓடவிட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். ஆள் ஏறும் இடது பக்கம் முழுவதும் அணைந்திருக்கும். வெளியே தரை மின்வண்டியோ படிக்கட்டு வண்டியோ இல்லாத சின்ன நிலையங்களிலும் இந்த விமானம் சமாளிப்பதற்கு இது ஒரு காரணம். படிக்கட்டும் அதன் கதவோடேயே இருக்கிறது.

ஜன்னல் கிடைத்தால் இடது பக்கம் உட்காருங்கள். தஞ்சை வயல்கள் முடிந்ததும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு பச்சைக் கறையாகத் தெரியும். அதற்கப்புறம் பாக் நீரிணை. தாழ்வாகப் பறப்பதால் வள்ளங்களைக்கூட எண்ணலாம்.

பலாலி ஓடுபாதையின் இரு முனைகளிலும் 05, 23 என்று எழுதியிருக்கிறது. திசைமானி காட்டும் பாகைகளில் கடைசி இலக்கத்தை விட்டுவிட்டால் வரும் எண்கள் இவை: ஒரு பக்கம் 50 பாகை, வடகிழக்கு, மறுபக்கம் 230, தென்மேற்கு. யாழ்ப்பாணத்தின் இரண்டு பெரிய காற்றுகளும் ஏறக்குறைய இந்தக் கோட்டில்தான் வீசுகின்றன. மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை, கோடையில் தென்மேற்கிலிருந்து சோளகம். விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும், எதிர்த்துத்தான் எழ வேண்டும். ஓடுபாதை ஒன்றே ஒன்று இருக்கும் நிலையத்துக்கு இந்த அமைப்பு பெரிய கொடை. பக்கக்காற்றால் திரும்பிப் போகும் நாட்கள் குறையும். ஜூன் மாதம் சோளகக் காலம். ஆகவே கடல் பக்கத்திலிருந்து வந்து 23ஆம் முனையில் இறங்குவது இயல்பு.

தொட்டவுடன் சுழலி இதழ்கள் எதிர்க்கோணத்துக்குத் திரும்பும். அந்த உறுமல் புதியவர்களுக்குத் திடுக்கென்று இருக்கும். பயன்பாட்டில் இருக்கும் ஓடுபாதையின் நீளம் சுமார் 1,400 மீட்டர். இவ்வகை விமானம் தரையிறங்கி நிற்கத் தேவையான தூரம், இருக்கும் நீளத்தில் 70 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் விதி. அப்படியென்றால் 980 மீட்டருக்குள் நிற்க வேண்டும். தரை நனைந்திருந்தால் தேவையான நீளத்தில் இன்னும் 15 சதவீதம் கூட்டிக்கொள்ள வேண்டும். மழைநாளில் விமானி சுழலியையும் பிரேக்கையும் கடுமையாகப் பயன்படுத்துவதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. கணக்கு அதை அனுமதித்துத்தான் புறப்பட்டிருக்கிறது.

இறங்கி நடந்தே முனையத்துக்குப் போகலாம். பெயர்ப்பலகையில் தமிழ் முதலில், அடுத்து சிங்களம், அதற்கடுத்து ஆங்கிலம். வரவேற்க வரும் வாகனத்துக்கு முன்னாலேயே சொல்லி வைத்துவிட வேண்டும். வெளியே வந்து கைதட்டி ஆட்டோ பிடிக்கிற இடமல்ல இது. யாழ் நகரம் தெற்கே சுமார் 16 கிலோமீட்டர்.

கட்டுவன் பக்கம் ஒரு சாப்பாட்டுக்கடை. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, மரவள்ளிக்கிழங்குக் கறி, முருங்கைக்கீரை வறை, பொரித்த மிளகாய், எல்லாம் சேர்த்து 450 ரூபாய். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே சுமார் மூன்றரை ரூபாய் கிடைப்பதால் 130 ரூபாய்ச் சாப்பாடு. பரிமாறிய அக்கா, “திருச்சியில இருந்தோ? அப்ப பக்கத்து ஊர்தானே. இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ?” என்றார். வேண்டாம் என்று சொல்வதற்குள் போட்டும் விட்டார்.

ஜூன் 15, ஞாயிறு: வசாவிளான், பலாலி வீதி, மயிலிட்டி

இன்றைக்குப் பார்க்க வேண்டியது மண்.

பலாலியைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்கின் செம்மண் காலில் ஒட்டினால் இரண்டு கழுவலுக்குப் போகாது. அதன் ஆழம் பல இடங்களில் சில அடிகள்தான், கீழே சுண்ணாம்புக்கல். விவசாயிக்கு இந்த மண் பொன். கிணற்று நீர் விட்டால் சின்ன வெங்காயம், உருளைக்கிழங்கு, புகையிலை, வாழை எல்லாம் செழிக்கும். பொறியாளருக்கோ கீழே இருக்கும் கல்தான் பொன். சமதரை, கெட்டியான அடித்தளம், மழைநீர் தேங்காமல் உறிஞ்சும் பாறை, மூன்று கிலோமீட்டரில் கடல். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் வான்படை ஓடுபாதை போட இந்த இடத்தைத் தேர்ந்தது தற்செயல் அல்ல. பலாலியின் எண்பது ஆண்டு வழக்கும் இந்த ஒரே நிலத்தின்மேல்தான்: தோட்டத்துக்கு நல்ல நிலம் எதுவோ அதுவே விமானத்துக்கும் நல்ல நிலம்.

1990இல் போர் மூண்டபோது இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க, ராணுவம் மட்டும் புழங்கும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. பலாலி, மயிலிட்டி, வசாவிளான், குரும்பசிட்டி, கட்டுவன், வறுத்தலைவிளான் என்று ஊர் ஊராகச் சனம் எழும்பிப் போனது. போர் முடிந்தபின் காணிகள் துண்டு துண்டாகத் திரும்பின. மயிலிட்டித் துறைமுகம் கைக்கு வந்தது 2017 ஜூலையில், 27 ஆண்டுக்குப் பிறகு. வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் பெருவீதி பொதுமக்களுக்குத் திறந்தது 2025 ஏப்ரல் 10இல், 35 ஆண்டுக்குப் பிறகு.

அந்த வீதியில் போவதற்கு அப்போது சட்டதிட்டம் இருந்தது. காலை 6 முதல் மாலை 5 வரை மட்டும். நடந்து போகக் கூடாது, வாகனத்தை இடையில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. ஐந்து மணியை மறந்தால் சுற்றுவழிதான். மயிலிட்டியில் நாலரை வரை நின்றுவிட்டால் கெடு நெருக்கிவிடும். ஓட்டுநர் அண்ணை மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே, “இனிச் சுத்திப் போவம், அவதிப்பட்டு ஓடேலாது” என்று தெல்லிப்பழைப் பக்கமாகத் திருப்பினார். அதற்கு மேற்காசு கேட்கவில்லை. கொடுத்தபோதும் பாதியைத் திருப்பித் தந்தார்.

வீதியின் இருமருங்கிலும் கூரையில்லாத வீடுகள். சுவர் நிற்கிறது, சன்னல் சட்டம் இல்லை, கூடத்துக்குள் ஆளுயர மரம் முளைத்திருக்கிறது. சில வளவுகளில் புதிதாக வேலி போட்டு, கிணற்றை இறைத்து, வெங்காயம் நட்டிருக்கிறார்கள். பல ஆண்டு மூடிக்கிடந்த கிணற்றை ஒரு தடவை இறைத்தால் போதாது. அடியில் படிந்த சேறு, விழுந்த கல், வேர் எல்லாம் எடுத்து, தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப இறைக்க வேண்டும். காணி திரும்பக் கிடைத்த குடும்பம் முதலில் காசு செலவழிப்பது வீட்டுக்கு அல்ல, கிணற்றுக்கு.

இனி ஓடுபாதைக்கு வருவோம். 2019இல் வேலை தொடங்கியபோது கட்டம் கட்டமாகச் செய்வதாகச் சொன்னார்கள். முதலில் சிறிய விமானங்களுக்கு. கடைசிக் கட்டத்தில் 2.3 கிலோமீட்டர், அதாவது ஏ320 வகை ஜெட் விமானம் இறங்கும் அளவுக்கு. அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். அது எவ்வளவு நிலம் கேட்கும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஓடுபாதை என்பது தார் போட்ட பட்டை மட்டும் அல்ல. கருவி வழி இறங்கும் பெரிய ஓடுபாதைக்கு, நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 140 மீட்டர் மேடுபள்ளமும் தடையும் இல்லாத வெளி வேண்டும் என்பது சர்வதேச விதி. ஆக 280 மீட்டர் அகலம். 1,400ஐ 2,300 ஆக்க 900 மீட்டர் கூட வேண்டும். 900ஐ 280ஆல் பெருக்கினால் 2,52,000 சதுர மீட்டர், ஏறக்குறைய 62 ஏக்கர். யாழ்ப்பாணத்தில் காணியைப் பரப்பில் அளப்பார்கள். 16 பரப்பு ஒரு ஏக்கர். கிட்டத்தட்ட ஆயிரம் பரப்பு. வீடும் கிணறும் பின்வளவும் சேர்ந்து நாலு பரப்பு என்று வைத்தால் 250 குடும்பத்து நிலம். இதற்கு மேல் ஓடுபாதை முடிவில் வழுக்கிப் போகும் விமானத்தைத் தாங்கப் பாதுகாப்பு வெளி வேண்டும்; 240 மீட்டர் இருப்பது நல்லது என்பது பரிந்துரை.

இதில் கணிசமான பகுதி ஏற்கெனவே விமானத்தளத்தின் வேலிக்குள் கிடக்கிறது. பழைய ஓடுபாதையே இப்போது பயன்படும் நீளத்தைவிட நீண்டது. ஆகவே வரிசை இப்படித்தான் இருக்க வேண்டும்: முதலில் வேலிக்குள் இருக்கும் பழைய பட்டையைத் தோண்டிச் சோதித்து, அடித்தளத்தைப் பலப்படுத்தி, அதில் கிடைக்கும் நீளத்தை முழுக்க எடுப்பது. அதன்பிறகும் குறைவது எத்தனை மீட்டர் என்று அளந்து, அதைப் பகிரங்கமாகச் சொல்லி, விலை கொடுத்து, இருப்பவர் சம்மதத்தோடு வாங்குவது. அளக்காமலே வேலியை வைத்துக்கொண்டிருப்பது விமானப் போக்குவரத்துக்கும் உதவாது, தோட்டத்துக்கும் உதவாது.

நீளம் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏடிஆர் முழு எடையில் 23 டன். ஏ320 எழும்போது 70 டன்னுக்கு மேல். அதே தார் அதைத் தாங்காது. சக்கரத் தடத்தில் பள்ளம் விழும், ஓரத்தில் வெடிக்கும். மேல்பூச்சை மட்டும் புதிதாகப் போட்டு நீளத்தைக் காட்டினால் ஒன்றிரண்டு மாரிகளில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மயிலிட்டித் துறையில் ஞாயிறு என்பதால் வள்ளங்கள் பெரும்பாலும் கரையில் நின்றன. மீன் கழிவு இருக்கும் இடத்தில் காகமும் பருந்தும் கூடும்; இறங்குபாதைக்கு அருகில் அது ஆபத்து. விமான நிலையத்தைச் சுற்றி 13 கிலோமீட்டருக்குள் குப்பைமேடு வைக்காதீர்கள் என்று விதிமுறைகள் சொல்வது இதற்காகத்தான். துறைமுகத்தை நகர்த்த முடியாது, நகர்த்தவும் கூடாது. கழிவை அன்றன்றே மூடிய தொட்டியில் எடுத்துப் போனால் போதும். செலவு அதிகமில்லாத, எல்லாரும் மறந்துவிடுகிற வேலை இது.

ஜூன் 16, திங்கள்: காங்கேசன்துறை, யாழ் நகரம்

வெயில் ஏறும் முன் காங்கேசன்துறை. பிளேன்ரீ (பால் சேர்க்காத தேநீர்) 50 ரூபாய், வடை 60. கடை வாங்கில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, “இதில இருங்கோ, வெயில் படாது” என்று இடம் விட்டார்.

இந்த ஊர்ப் பெயர் விமான வரலாற்றில் உண்டு. இலங்கையின் அன்றைய விமான நிறுவனமான எயார் சிலோனின் முதல் பயணம் 1947 டிசம்பர் 10இல்: கொழும்பை அடுத்த ரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை என்று அழைக்கப்பட்ட பலாலியில் இறங்கி, சென்னைக்கு. விமானம் டகோட்டா டிசி-3, பெயர் சீதாதேவி. இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு மாதம் முன்பே யாழ்ப்பாணத்துக்குச் சென்னையோடு வான்வழித் தொடர்பு இருந்திருக்கிறது. கூறைச் சேலை எடுக்கவும், படம் பார்க்கவும், சிதம்பர தரிசனத்துக்கும் பறந்து போய் வந்ததாக இங்கே மூத்தவர்கள் சொல்வதில் மிகையில்லை.

டகோட்டாவுக்கு ஆயிரம் மீட்டர் இருந்தாலே போதும். அதன்பிறகு 40 சொச்சம் பேர் உட்காரும் அவ்ரோ 748. போர்க்காலத்தில் அன்ரனோவ். இப்போது ஏடிஆர். பலாலியில் பயணிகளை ஏற்றியிறக்கிய விமானங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் இரட்டைச் சுழலி வகை. காலம் மாறியது, முதலாளி மாறினார், விமானத்தின் வகை மட்டும் அதிகம் மாறவில்லை.

துக்கமான பக்கமும் உண்டு, அதைத் தாண்டிப் போக முடியாது. 1978 செப்டம்பர் 7இல் எயார் சிலோனின் அவ்ரோ ஒன்று ரத்மலானையில் குண்டு வெடித்து எரிந்தது. 1987 ஜூன் 4இல் இந்திய அன்ரனோவ்-32 விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொதிகளைப் போட்டுவிட்டுத் திரும்பின. எட்டு வாரத்தில் இந்திய அமைதிப்படை பலாலியில் வந்து இறங்கியது. 1995 ஏப்ரல் 28, 29 என்று அடுத்தடுத்த நாட்களில் இலங்கை வான்படையின் இரண்டு அவ்ரோக்கள் பலாலிக்கு அருகே ஏவுகணையால் வீழ்ந்தன. 1998 செப்டம்பர் 29இல் பலாலியிலிருந்து ரத்மலானைக்குக் கிளம்பிய லயன் எயார் அன்ரனோவ்-24 மன்னார்க் கடலில் வீழ்த்தப்பட்டது. இருந்த 55 பேரும் இறந்தார்கள். அதன் சிதைவுகளை இரணைதீவுக்கு அருகே கடலடியில் கண்டுபிடித்தது 2012இல். பதினான்கு ஆண்டு அந்தக் குடும்பங்கள் எதை வைத்துக் காரியம் செய்திருக்கும்?

2019 அக்டோபர் 17இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து, அன்றே சென்னையிலிருந்து அலையன்ஸ் எயார் ஏடிஆர் இறங்கியது. கட்டண சேவை நவம்பர் 11இல் தொடங்கியது. ஐந்தாவது மாதம் கொரோனா வந்து மூடிக்கொண்டது. மீண்டும் விமானம் வந்தது 2022 டிசம்பர் 12இல். இரண்டே முக்கால் ஆண்டு இடைவெளி. ஓடாத ஓடுபாதையில் புல் வெடிப்பு வழியாக ஏறும், வெள்ளைக்கோடு மங்கும், தீயணைப்பு ஆட்களின் பயிற்சிச் சான்று காலாவதியாகும். திரும்பத் திறப்பதற்கு ஒவ்வொன்றையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

காங்கேசன்துறையில் இன்னொரு போட்டியும் இருக்கிறது. நாகப்பட்டினம் கப்பல் 2023 அக்டோபர் 14இல் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்ட் 16இல் மறுபடி ஓடத் தொடங்கியது. சாமான் அதிகம் உள்ளவர்களுக்குக் கப்பல், நேரம் இல்லாதவர்களுக்கும் நோயாளிகளுக்கும் விமானம் என்று பிரிந்துகொள்ளும். இரண்டுக்கும் இடம் உண்டு.

நகரத்துக்குள் வந்தால் கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலம். தெருவோரக் கடையில் ஒரு பழம் 150 ரூபாய். நறுக்கிக் கேட்டால் தட்டில் வைத்து, கை கழுவத் தண்ணீரும் தந்தார் கடைக்காரர். வெயிலுக்கு நெல்லிக்கிறஷ் என்ற நெல்லிப் பானம். இரவில் இடியப்பம், சொதி, சம்பல்.

ஜூன் 17, செவ்வாய்: திரும்புதல்

பதிவு மேசையில் இரண்டு குடும்பங்கள் தரையில் பெட்டியைத் திறந்துவைத்து மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தன. ஊழியர் பொறுமையாக நின்றார், குரல் உயரவில்லை. கிலோவுக்குக் கிலோ ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதற்குக் கணக்கு எளிது. வெறும் ஏடிஆர் சுமார் 13.5 டன். 78 பேர், ஆளும் பெட்டியும் சேர்த்துத் தலைக்கு 95 கிலோ என்றால் 7.4 டன். எரிபொருள் ஒன்றரை முதல் இரண்டு டன். பலாலி மூடியிருந்தாலும், திருச்சியில் மழையென்றாலும் வேறிடம் போய் இறங்கும் அளவு அதில் அடக்கம். கூட்டினால் 22.4 முதல் 22.9. உச்சவரம்பு 23. அந்த உச்ச எடையில், கடல்மட்டத்தில், 15 பாகை வெப்பத்தில் எழ சுமார் 1,300 மீட்டர் வேண்டும். இன்று மதியம் 33 பாகை. காற்று சூடாக இருந்தால் அடர்த்தி குறையும், இறக்கையின் தூக்குவிசையும் குறையும், தூரம் கூடும். 1,400 மீட்டரில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். சோளகம் எதிரே அடித்தால் கொஞ்சம் கை கொடுக்கும். அடிக்காத நாளில் முதலில் கழிவது சாமான், பிறகு இருக்கைகள்.

போகிறவர்களுக்கு: பெட்டியை வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். மாம்பழம் கொண்டுவர ஆசை வரும். தாவர நோய்த்தடுப்புச் சான்று இல்லாமல் பழம் இந்தியாவுக்குள் வரக் கூடாது, அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். பனங்கட்டி, ஒடியல் மா, பருத்தித்துறை வடை என்று பொதி செய்ததை வாங்கலாம். பனையோலைக் குட்டானில் கட்டிய பனங்கட்டி வெயிலில் இளகும், உள்ளே ஒரு பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டச் சொல்லுங்கள். மருந்துச் சீட்டோடு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் அறிக்கைகளைப் பெட்டியில் போடாமல் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

திருச்சியில் இறங்கிய ஓடுபாதை 2,480 மீட்டர். பலாலியிலிருந்து வந்த கண்ணுக்கு முடிவே தெரியாத நீளம். ஆனால் பெரிய விமானங்களுக்கு அதுவும் போதாதென்று நீட்டக் கேட்டு, நிலத்துக்காகப் பல ஆண்டுகளாகக் காத்திருக்கிறது. கேட்ட நிலத்தில் ஒரு பகுதி இங்கேயும் ராணுவத்துடையது.